திருவிழாக் கடையில் கொத்தா, கடலையா?

தோட்டத்துக் கோயில்களில் கொடியேறும் காலம் நெருங்கினால் பசறை, லுணுகலை, மடுல்சீமைக் கடைவீதிகளில் உள்ள எமது வியாபாரிகளிடையே ஒரே பேச்சுத்தான். இம்முறை எந்தத் தோட்டத்துக்குப் போவது? திருவிழாக் குழுவிடம் எத்தனை அடி இடம் கேட்பது? லொறியில் எதை ஏற்றுவது? முதல் இரண்டு கேள்விகளும் சென்ற ஆண்டின் பழக்கத்திலேயே தீர்ந்துவிடும். மூன்றாவதில்தான் வாப்பாவும் மகனும் முட்டிக்கொள்கிறார்கள். வாப்பா மிக்சர், பூந்தி, தொதல், மஸ்கட், அவித்த கடலை என்கிறார். மகன் சீஸ் கொத்து, ஷவர்மா, நகட்ஸ், மொஹிட்டோ என்கிறான்.

இருவர் பக்கமும் நியாயம் இருக்கிறது. வாப்பா காலத்துச் சரக்கை மட்டும் பரப்பி வைத்தால் இளவட்டங்கள் அடுத்த கடைக்குப் போய்விடுகிறார்கள். மகன் சொல்வதை மட்டும் கேட்டால் மழை பெய்த ஓர் இரவில் முதல் கரைந்துவிடுகிறது. மூன்று நாள் திருவிழாவுக்காகக் கைமாற்று வாங்கி முதல் போடும் சிறு வியாபாரிக்கு இது சாப்பாட்டு ரசனை பற்றிய வாதம் அல்ல. அடுத்த மாதம் மொத்தக் கடைக்காரருக்குக் கொடுக்க வேண்டிய கடனைப் பற்றிய விடயம்.

முதலில் கணக்கைப் பார்ப்போம். விளங்குவதற்காக ஒரு விலையை வைத்துக்கொள்வோம். முப்பதாயிரம் ரூபா முதலில் நூறு தட்டு புதுவகைச் சாப்பாடு தயார் செய்கிறோம். தட்டுக்கு 300 ரூபா செலவு, 500 ரூபாவுக்கு விற்கிறோம். நூறும் விற்றால் இருபதாயிரம் இலாபம். அதே முப்பதாயிரத்தில் 150 ரூபா அடக்கவிலையில் இருநூறு மிக்சர் பைக்கற் போட்டு 200 ரூபாவுக்கு விற்றால் முழுவதும் போனாலும் பத்தாயிரம்தான் இலாபம். இதுவரை மகன் வெல்கிறான்.

இப்போது மழை பெய்கிறது. மடுல்சீமையில் மழையும் மூடுபனியும் யாரிடமும் கேட்டுக்கொண்டு வருவதில்லை. இரண்டிலும் பாதிதான் விற்கிறது. ஐம்பது தட்டுக்கு வந்த பணம் இருபத்தையாயிரம். மீதி ஐம்பது தட்டும் விடிந்தால் குப்பைக்கு. ஆக ஐயாயிரம் நஷ்டம். மிக்சரிலோ நூறு பைக்கற் விற்று ஐயாயிரம் இலாபம் கைக்கு வந்துவிட்டது. மீதி நூறு பைக்கற்றும் லொறியில் ஏறி கடைக்குத் திரும்புகிறது. அடுத்த வாரச் சந்தையில் அதுவும் காசாகும். திருவிழா வியாபாரத்தில் இலாபத்தைத் தீர்மானிப்பது தட்டுக்கு எவ்வளவு கிடைக்கிறது என்பது மட்டுமல்ல, மீதி என்ன ஆகிறது என்பதும்தான். பழைய பண்டங்கள் பெரும்பாலும் மீதியைத் தாங்கும் பண்டங்கள். தொதலும் மஸ்கட்டும் முறுக்கும் குளிரூட்டி இல்லாத காலத்தில் உருவானவை அல்லவா? வாரக்கணக்கில் கெடாமல் இருப்பதற்காகவே சீனியும் எண்ணெயும் சேர்த்துக் காய்ச்சப்பட்டவை.

எரிவாயுக் கணக்கும் உண்டு. 2021 ஒக்டோபருக்கு முன்னர் 1,493 ரூபாவாக இருந்த 12.5 கிலோ சிலிண்டர், 2022 ஏப்ரலில் 4,860 ரூபாவுக்கு ஏறியதை நாம் மறக்கவில்லை. கோதுமை மாவும் அந்த ஆண்டில் பல தடவை ஏறியது. கொத்துத் தட்டை மட்டும் நம்பியிருந்தவர்கள் அன்று கையைப் பிசைந்துகொண்டு நின்றார்கள். விறகடுப்பில் கடலை அவித்தவர்களுக்கு அந்த அடி அவ்வளவாக விழவில்லை.

அதற்காகப் புதியதே வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. இன்று நாம் பழையது என்று நினைக்கும் பலவும் ஒரு காலத்தில் ஏதோ ஒரு கண்காட்சியில் புதிதாக வந்து நின்றவைதான்.

தோட்டத் திருவிழாவில் பிள்ளைகள் கேட்டு அழும் பஞ்சு மிட்டாயை, நம்மில் சிலர் தும்பு மிட்டாய் என்பதை, எடுத்துக்கொள்ளுங்கள். சீனியைச் சுழற்றி நூலாக்கும் இயந்திரத்தை 1897இல் உருவாக்கியவர்கள் அமெரிக்காவின் டென்னசி மாநிலத்தைச் சேர்ந்த வில்லியம் மொரிசன் என்ற பல் வைத்தியரும் ஜோன் வார்ட்டன் என்ற மிட்டாய்க்காரரும். பல்லைக் கெடுக்கும் பண்டத்தைப் பல் வைத்தியரே கண்டுபிடித்தது வேறு கதை. 1904இல் செயின்ட் லூயிஸ் நகரில் நடந்த உலகக் கண்காட்சியில் அதை மரப்பெட்டியில் அடைத்து ஒரு பெட்டி 25 சதத்துக்கு விற்றார்கள். கண்காட்சிக்குள் நுழைய 50 சதம். நுழைவுச்சீட்டின் பாதி விலையை ஒரு கைப்பிடிச் சீனிக்குக் கொடுக்க ஆள் வருமா என்று யாரும் கேட்டிருப்பார்கள். 68,655 பெட்டிகள் விற்றன. புதியதற்கு உள்ள பலம் இதுதான். முன்பு விலை கேட்டறியாத பொருளுக்கு நாம் சொல்வதுதான் விலை.

ஆனால் அதே பஞ்சு மிட்டாயை 2024 பெப்ரவரியில் தமிழ்நாடு அரசு தடை செய்தது. புடவைக்குப் போடும் ரோடமைன்-பி என்ற சாயம் அதில் கலந்திருந்தது ஆய்வில் தெரியவந்ததே காரணம். எமது பூந்திக்கும் ஜிலேபிக்கும் நிறம் போடுகிறவர்களும் இதைக் கவனிக்க வேண்டும். அனுமதிக்கப்பட்ட உணவு நிறமா, யாரோ மலிவாகத் தந்த தூளா என்று பாராமல் போட்டால் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வந்து சரக்கை அள்ளிப் போவது அன்றைய நாளின் நஷ்டம் மட்டும்தான். அந்தச் செய்தி தோட்டம் தோட்டமாகப் பரவுவதுதான் பெரிய நஷ்டம்.

அமெரிக்காவில் இன்றும் மாநிலங்கள் தோறும் ஆண்டுக்கொரு பெரிய கண்காட்சி நடக்கிறது. மாடும் பசுந்தீவனமும் காட்டுவதற்காக ஆரம்பித்த விவசாயக் கண்காட்சிகள் அவை. இன்று மக்கள் அங்கே போவது பெரும்பாலும் சாப்பிடுவதற்கு. மினசோட்டா மாநிலக் கண்காட்சி 1885 முதல் ஒரே மைதானத்தில் நடக்கிறது. 2019இல் பன்னிரண்டு நாட்களில் 20 இலட்சத்துக்கும் அதிகமானோர் வந்தார்கள். ஒவ்வொரு கோடையிலும் "இவ்வாண்டின் புதிய உணவுகள்" என்று முப்பதுக்கும் மேற்பட்ட பண்டங்களின் பட்டியலை நிர்வாகம் வெளியிடுகிறது. பத்திரிகைகள் அதைப் பெரிய செய்தியாகப் போடுகின்றன. டெக்சாஸ் மாநிலக் கண்காட்சியில் 2005 முதல் புதிய பண்டங்களுக்குப் பரிசும் கொடுக்கிறார்கள். 2006இல் கொக்காகோலாவை மாவில் கலந்து பொரித்தவருக்கும் 2009இல் பட்டரையே பொரித்தவருக்கும் பரிசு கிடைத்தது என்றால் போட்டி எங்கே போய் நிற்கிறது என்று பாருங்கள்!

ஆனால் பணம் எங்கே சேர்கிறது? மினசோட்டாக் கண்காட்சியில் மிக அதிகமாக விற்கும் கடை, 1979இல் சிறு கடையாக ஆரம்பித்த 'ஸ்வீட் மார்த்தாஸ்' என்ற பிஸ்கட் கடை. விற்பது சுடச்சுட சொக்லட் பிஸ்கட், அவ்வளவுதான். டெக்சாஸில் பொரித்த கோலாவைப் பற்றி உலகம் பேசியது. ஆனால் சோளமா பூசிக் குச்சியில் பொரித்த சொசேஜை 1940களின் தொடக்கத்திலிருந்து விற்கும் பிளெட்சர் குடும்பம் ஒவ்வொரு கண்காட்சியிலும் ஐந்து இலட்சத்துக்கு மேல் விற்கிறது. (அந்தச் சொசேஜ் எமக்கு ஆகாது, வியாபார முறையைத்தான் பார்க்கிறோம்.) புதிய பட்டியலைப் படித்துவிட்டு வருகிறவர்கள், ஒன்றிரண்டை ருசி பார்த்துவிட்டு, போன வருடம் பிள்ளைகளோடு சாப்பிட்ட அதே கடையைத் தேடிப் போகிறார்கள். மினியாபொலிஸில் பலஸ்தீனக் குடும்பம் ஒன்று நடத்தும் 'ஹோலி லேண்ட்' நிறுவனமும் அந்தக் கண்காட்சியின் சர்வதேசப் பகுதியில் கடை போட்டிருக்கிறது. எமக்குப் பழைய சாப்பாடான கபாபும் ஹும்முஸும் அங்குள்ளவர்களுக்குப் புதியவை என்பதையும் யோசிக்க வேண்டும்.

இனி எமது ஊவாவுக்கு வருவோம். அரச கண்காட்சிகளை நாமும் கண்டவர்கள்தான். பிரேமதாஸ காலத்தில் 'கம் உதாவ' நடந்தது. பின்னர் 'தேசத்துக்கு மகுடம்' வந்தது. 2010இல் பல்லேகலையிலும் 2011 பெப்ரவரியில் எமது மாகாணத்தின் புத்தலயிலும் 2012இல் ஒயாமடுவையிலும் 2013இல் அம்பாறையிலும் 2014இல் குளியாப்பிட்டியிலும் நடந்தது. அதற்குப் பிறகு இல்லை. இந்த ஊர்களின் வரிசையைப் பாருங்கள். ஒவ்வோர் ஆண்டும் வேறு ஊர். மினசோட்டாவுக்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் இங்கேதான். புத்தலயில் ஒருவர் கடை போட்டு அருமையான வட்டிலப்பம் விற்றிருந்தாலும், அதன் ருசியை நினைவில் வைத்து அடுத்த வருடம் அவரைத் தேடி வர அங்கே கண்காட்சியே இல்லை. அப்படி ஊர் மாறும் கண்காட்சியில் ஒரே ஒரு முறை பார்க்கும் வாடிக்கையாளரை நிறுத்தி வைக்கப் புதுமை தேவை. பெயர்ப்பலகை, வெளிச்சம், கண்ணெதிரே கொத்தும் சத்தம் எல்லாம் வேண்டும்.

தோட்டத் திருவிழா அப்படியல்ல. ஒரே கோயில், ஒரே மைதானம், ஆண்டுக்கொரு முறை. கொழும்பில் வேலை செய்யும் பிள்ளைகள் திருவிழாவுக்கு லீவு போட்டு வருகிறார்கள். முன்பு வாங்கிய இடத்திலேயே வாங்க விரும்புகிறார்கள். கூரகல ஜெய்லானியின் கந்தூரியும் பதுளை முத்தியங்கனை பெரஹெராவும் இதே ரகம்தான். இங்கே வருடா வருடம் அதே மூலையில், அதே பூந்தியோடு நிற்பவருக்குத்தான் பெயர் நிற்கும். ஆகையால் எனது கணிப்பு இது: வந்து போகும் கண்காட்சிக்குப் புதியதைக் கூடுதலாகவும், திரும்பத் திரும்ப வரும் திருவிழாவுக்குப் பழையதைக் கூடுதலாகவும் ஏற்றுங்கள். திருவிழாவில் முதலின் நான்கில் ஒரு பங்குக்கு மேல் புதியதில் போடுவதை நான் விரும்பமாட்டேன். அந்தக் கால் பங்கை ஆள் கூட்டுவதற்கான செலவாகவே பார்க்க வேண்டும், அதில் வரும் இலாபம் மேலதிகம்.

பழையதை விற்பது என்றால் பழைய மாதிரியே விற்பது என்று அர்த்தமல்ல. விவசாயத் திணைக்களம் நடத்தும் 'ஹெல பொஜுன்' கடைகளைப் பார்த்திருப்பீர்கள். கன்னொறுவையில் உள்ளதன் முன்னால் எப்போதும் கூட்டம். விற்பது கோதுமை மா சேராத ஊர்ச் சாப்பாடு: குரக்கன் ரொட்டி, ஹலப்பை, இலைக்கஞ்சி, உளுந்து வடை. வடக்கில் இதே முறை 'அம்மாச்சி' என்ற பெயரில் நடக்கிறது. அவற்றின் வெற்றிக்குக் காரணம் சமையற் குறிப்பு மட்டுமல்ல. சுத்தமான சீருடை, தொப்பி, விலைப்பட்டியல், வாங்குகிறவர் கண்முன்னே சூடாகச் சுட்டுக் கொடுக்கும் பெண்கள். சாப்பாடு பழையது, விற்கும் முறை புதியது. எமது வட்டிலப்பத்தையும் நோன்புக் கஞ்சியையும் இப்படி நிறுத்தி விற்க இன்னும் யாரும் முன்வராதது எனக்கு ஆச்சரியம்.

வாங்குகிறவர் யார் என்பதையும் பார்க்க வேண்டும். 2024 செப்டம்பரில் தோட்டத் தொழிலாளரின் அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபா என வர்த்தமானி வெளியானது. அந்தச் சம்பளத்தில் பட்டணத்து விலைக்கு ஒரு சீஸ் கொத்து என்றால் ஏறத்தாழ ஒரு நாள் கொழுந்து போய்விட்டது. நான்கு பிள்ளைகள் உள்ள தாய் நான்கு தட்டு வாங்கமாட்டாள். ஒரு தட்டு வாங்கிப் பிரித்துக் கொடுப்பாள், அல்லது கச்சான் சுருள் நான்கு வாங்குவாள். புதியதைக் கொண்டு போகிறவர்கள் அளவைச் சிறிதாக்கி, விலையையும் பிள்ளையின் கைக்காசுக்கு எட்டும்படி வைத்தால் ஓடும். திருவிழாதானே என்று இரட்டிப்பு விலை சொல்வதும், சுருளின் அடியில் காகிதத்தைத் திணித்து அளவில் ஏமாற்றுவதும் ஹராம் என்பதை இந்தப் பத்திரிகையின் வாசகர்களுக்கு நான் சொல்லித் தர வேண்டியதில்லை.

இன்னொரு வாடிக்கையாளர் கூட்டமும் அண்மைக் காலத்தில் மடுல்சீமைக்கு வருகிறது. பிட்டமாருவ மலை விளிம்பு, 'குட்டி உலக முடிவு' என்று பெயர் எடுத்ததிலிருந்து கொழும்பு, கண்டிப் பக்க இளைஞர்கள் கூடாரத்தோடு வருகிறார்கள். வேடிக்கை என்னவென்றால், தோட்டத்துப் பையன் சீஸ் கொத்தைக் கேட்கிறான், சீஸ் கொத்தில் வளர்ந்த கொழும்புப் பையன் தோட்டத்து ரொட்டியும் கட்டச் சம்பலும் எங்கே கிடைக்கும் என்று கேட்கிறான். மொனராகலைப் பக்கத்து அவித்த சோளப்பொத்தியை வழி நெடுக வாங்கிக்கொண்டு வருகிறவன் அவன். எது புதியது என்பதை வாங்குகிறவன்தான் தீர்மானிக்கிறான்.

அடுத்தது கோயிலின் மரியாதை. அம்மன் திருவிழாவில் கொடியேறியது முதல் முடியும் வரை பலர் மச்சம், மாமிசம் தொடுவதில்லை. அந்த நாட்களில் கோயில் வளவுக்குள் கோழிக் கொத்தைக் கொண்டு போவது வியாபாரமும் அல்ல, மரியாதையும் அல்ல. மரக்கறிக் கொத்தோ பருப்பு வடையோ என்றால் யாருக்கும் சங்கடமில்லை. மாட்டிறைச்சியைப் பற்றிப் பேசவே வேண்டாம். எமது பெரியவர்கள் தோட்டங்களில் நல்ல பெயர் எடுத்தது இந்த நாகரிகத்தால்தான். இடம் கேட்கப் போகும்போதே எந்தெந்த நாளில் எது ஆகும், எது ஆகாது என்று குழுவிடம் கேட்டுவிடுவது நல்லது.

எங்கள் பக்கத்திலும் ஒரு கேள்வி உண்டு. புதியவற்றில் பெரும்பகுதி தொழிற்சாலைச் சரக்கு: சொசேஜ், நகட்ஸ், ஜெலட்டின் சேர்ந்த இனிப்புகள். ஹலால் சான்றிதழ் வழங்கும் பணி 2013 வரை ஜம்இய்யத்துல் உலமாவிடம் இருந்தது. 2014 முதல் அதற்கென அமைந்த தனி நிறுவனம் செய்கிறது. பைக்கற்றில் இலச்சினை இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். மலிவாகக் கிடைத்தது என்று பெயரில்லாத பையில் வாங்கி, முஸ்லிம் கடை என்ற நம்பிக்கையில் வருகிறவருக்குக் கொடுப்பது அமானிதத்தைக் கெடுப்பதாகும். பூந்திக்கும் கடலைக்கும் இந்தச் சந்தேகமே இல்லை என்பது பழையதன் இன்னொரு வசதி.

நம்பிக்கை என்றதும் 2018 பெப்ரவரி 26ஆம் திகதி இரவு நினைவுக்கு வருகிறது. அம்பாறை நகரில் முஸ்லிம் உணவகம் ஒன்றின் சாப்பாட்டில் கிடந்த மாக்கட்டியைக் கருத்தடை மாத்திரை என்று சொல்லி, கடைகளையும் பள்ளிவாசலையும் தாக்கினார்கள். பின்னர் அரச இரசாயனப் பகுப்பாய்வாளரின் பரிசோதனையில் அது வெறும் மாக்கட்டி என்று வெளியானது. அதற்குள் நடக்க வேண்டியதெல்லாம் நடந்துவிட்டது. பல இனத்தவரும் கூடும் இடத்தில் கடை போடுகிறவர்கள் இதை மறக்கலாகாது. மறைவில் சமைத்துக் கொண்டுவந்து பரிமாறுவதைவிட எல்லோரும் பார்க்க அடுப்பை முன்னால் வையுங்கள். மாவைப் பார்க்கட்டும், எண்ணெயைப் பார்க்கட்டும். அப்போது கறுத்துப்போன எண்ணெயை மூன்றாம் நாளும் ஊற்ற எமக்கே கூச்சம் வரும், அதுவும் நல்லதுதான். புதிய உணவாயின் அதில் என்ன இருக்கிறது என்று மும்மொழியிலும் ஒரு மட்டையில் எழுதி வைத்துவிடுங்கள். பழையதற்கு அது தேவைப்படாது, எல்லோர் வீட்டிலும் செய்வதுதான்.

சிறிய விடயம், ஆனால் தண்டம் வரக்கூடியது: 2023 ஒக்டோபர் 1 முதல் ஒருமுறை பாவித்து வீசும் பிளாஸ்டிக் கோப்பை, தட்டு, கரண்டி, உறிஞ்சுகுழல் ஆகியவற்றுக்குத் தடை. மொஹிட்டோவும் ஷவர்மாவும் கொண்டு போக நினைப்பவர்கள் காகிதக் கோப்பை, மரக்கரண்டி விலையையும் அடக்கத்தில் சேர்க்க வேண்டும். கடலைக்காரருக்குக் காகிதச் சுருள், ரொட்டிக்காரருக்கு வாழை இலை.

கடைசியாக, நமது காலடியிலேயே கிடக்கும் ஒன்றைச் சொல்லாமல் விட மனமில்லை. பஞ்சு மிட்டாய் விற்ற அதே 1904 செயின்ட் லூயிஸ் கண்காட்சியில் ரிச்சர்ட் பிளெசிண்டன் என்பவர் இந்தியத் தேயிலைக்காகக் கடை போட்டிருந்தார். கடும் வெயில். சுடுதேநீரை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. தேநீரை ஐஸ் மீது ஊற்றிக் கொடுத்தார், கூட்டம் திரண்டது என்று கதை. ஐஸ் தேநீர் அவர் கண்டுபிடித்ததல்ல. 1879இலேயே அமெரிக்கச் சமையல் நூலில் அதற்குக் குறிப்பு இருக்கிறது. அவர் செய்தது, கையிலிருந்த பழைய சரக்கை அன்றைய காலநிலைக்கு ஏற்ப மாற்றிக் கொடுத்ததுதான்.

மடுல்சீமையில் கதை தலைகீழ். மாலை ஐந்து மணிக்குப் பிறகு குளிர் இறங்குகிறது. தேர் சுற்றி வரும் நேரத்தில் சனம் சால்வையைப் போர்த்திக்கொண்டு நிற்கிறது. நாமோ அவர்களுக்கு ஐஸ்கிறீமும் குளிர்பானமும் நீட்டுகிறோம். உலகச் சந்தையில் பெயர் போன ஊவாத் தேயிலை விளையும் மண்ணில், ஜூலை முதல் செப்டம்பர் வரை அதன் வாசம் உச்சத்தில் இருக்கும் மாதங்களில்கூட, திருவிழாக் கடையில் நல்ல தேநீர் ஒன்று கிடைப்பதில்லை. கொழுந்து பறிப்பவர்களே தூள் தேயிலையைத்தான் குடிக்கிறார்கள். ஒரு விறகடுப்பு, ஒரு பெரிய கேத்தல், இஞ்சி, கித்துள் கருப்பட்டி, நல்ல இலைத் தேயிலை ஒரு கிலோ. கோப்பைக்கு இரண்டு கிராம் கணக்கில் அந்த ஒரு கிலோவில் 500 பிளேன்டீ வரும். வாப்பாவுக்கு இது பழையது, தேநீரை இப்படிக் குடித்தறியாத தோட்டத்துப் பையனுக்குப் புதியது. மழை வந்து கூட்டம் கலைந்தாலும், ஊற்றாத தேயிலை பைக்கற்றோடு கடைக்குத் திரும்பி வந்து அலுமாரியில் ஏறும்.